வாரேன் என்று சொன்ன பாவத்துக்கு

மரியாதைக்குரிய கோபிசெட்டிபாளையம் மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு, தாராபுரம் ஆறுச்சாமி ஆஸ்திரியா நாட்டு மலையடிவாரத்தில் கால்களைச் சுடுதண்ணீரில் போட்டுக்கொண்டு எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, முழங்கால்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் சுகமும், உங்கள் வாழைத்தோட்டத்தின் சுகமும், நாங்கள் உங்களிடம் விட்டுவந்த செவலை மாட்டின் சுகமும் அறிய ஆவல். போனில் பேசலாம் என்றால் உங்கள் தங்கச்சி சாந்தாமணி பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் தாளில் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

மகள் லோகப்பிரியாவைப் பார்க்க வந்தோமா, அவள் எங்களை இந்த மலைக்கிராமத்து ஓட்டலுக்கு அழைத்துவந்தாள். நேற்று காப்பிக்குச் சுடுதண்ணீர் கேட்கக் கீழே போனேன். அங்கே ஸ்டெஃபான் என்கிற மலையேற்ற வழிகாட்டி என்னை உட்காரவைத்துப் படம் படமாகக் காட்டி எதையோ விளக்க ஆரம்பித்துவிட்டான். சொல்லாமல் எழுந்து வருவது மரியாதையா? கைகூப்பி விடைபெற்றேன். நம் பக்கம் யாராவது “போறேன்” என்று சொல்லிக் கிளம்புவோமா? “வாரேனுங்க” என்பதை அவனுக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷில் “ஐ கம்” என்று சொல்லித் தொலைத்தேன். அவன் மகிழ்ந்துபோய் எங்கள் அறை எண்ணைக் குறித்துக்கொண்டான்.

இன்று விடிந்ததும் ஊன்றுகோல்களோடு வந்து கதவைத் தட்டினான். நான் போர்வைக்குள் புகுந்தேன். சாந்தாமணி விடவில்லை.

“ஏனுங்க, வாரேன்னு சொல்லிப்போட்டு இப்பப் படுத்துக்கிட்டா நம்ம பேச்சுக்கு என்னங்க மரியாதை?”

பழநியில் விஞ்ச் இல்லாமல் மேலே ஏறாதவள் மச்சான், புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அந்த வாசத்துக்கு வழியில் மேய்ந்த மாடு ஒன்று கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தது. காங்கேயம் காளையையே அடக்கியவன் நான், “ஹை ஹை” என்று அதட்டினேன். அது என் குல்லாயைக் கவ்விக்கொண்டது. “அதுக்கு ஜெர்மன்ல சொல்லோணுமுங்க” என்கிறாள் உங்கள் தங்கச்சி.

பாதி மலையில் முழங்கால் விட்டுப்போனது. ஸ்டெஃபானோடு எங்கள்கூட ஏறிய வெள்ளைக்காரர்கள் எல்லோரிடமும் முறையாகக் கைகூப்பி, “ஐ கம்” என்று சொல்லிக் கீழே இறங்கினேன். நான் ஒன்றுக்குப் போய்த் திரும்பி வருவேன் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் காத்திருந்திருக்கிறது. கடைசியில் ஸ்டெஃபான் ஓடிவந்து, இறங்கிய தூரம் முழுவதும் என்னை மறுபடி ஏற்றிவிட்டான்.

உச்சியில் கண்ணுக்கெட்டிய மட்டும் பனிமலை. சாந்தாமணி சோற்று மூட்டையைக் கல்லின்மேல் வைத்தாள். பிறகு, “அமராவதி வாய்க்கால்ல தண்ணி எப்ப உடுவாங்கன்னு பார்த்தே காலம் போயிருச்சுங்க. இன்னைக்குத்தானுங்க சும்மா நின்னு ஒண்ணைப் பார்க்கறேன்” என்றாள். அவள் இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று நானும் பக்கத்தில் நின்றேன். ஆனால் அது முழங்காலுக்குத் தெரியுமா?

நாளைக்கு இதைவிடப் பெரிய மலையாம். இன்னும் ஒரு வாரம் தங்கவும் தாயும் மகளும் திட்டம் போடுகிறார்கள். மச்சான், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். உடனே அவளைக் கூப்பிட்டு, செவலை தீனி எடுக்கவில்லை, உன்னைத் தேடிக் கத்துகிறது என்று ஒரு பொய் சொல்லுங்கள். அடுத்த விமானத்தில் கிளம்பிவிடுவாள். மற்றபடி அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகள் நீடு வாழ ஆசிகள்.

இப்படிக்கு, நடக்க முடியாத
ஆறுச்சாமி

பின்குறிப்பு: இதை அனுப்ப வைஃபை பாஸ்வேர்டு கேட்கக் கீழே போனேன். ஸ்டெஃபான் நின்றுகொண்டிருந்தான். பட்டது போதும் என்று, சாமி மன்னிக்கட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு “ஐ கோ” என்றேன். “கோ! கோ!” என்று கையைக் குலுக்கி, நாளைய மலைக்கு முதல் ஆளாக என்னைச் சேர்த்துவிட்டான். மேலே வந்தால் சாந்தாமணி எங்கள் இருவர் ஷூவையும் ஹீட்டர் பக்கத்தில் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். “நீங்க வரலீன்னா நானும் போகலீங்க” என்கிறாள். செவலை வயிறாரத் தின்னட்டும், மச்சான். நீங்கள் கூப்பிட வேண்டாம். வாரேனுங்க. இப்போதைக்கு ஊருக்கு இல்லை.