கட்டை பாய் விற்காத டார்ச்

ஓசூர் கடைவீதியில் வியாபாரத்தை வெறுத்துக்கொண்டே கடை நடத்திய ஒரே மனிதர் கட்டை பாய்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் அங்கே தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா. அவர் டார்ச் லைட்டும் அதற்குள் போடும் பேட்டரிக் கட்டைகளும் விற்றார். பெயர் வந்தது அதனால். ஆள் ஆறடிக்கு மேல். பெயரைக் கேட்டுக் குள்ளமான ஆளைத் தேடி வரும் வெளியூர்க்காரர்கள் அவரிடமே வழி கேட்டு ஏச்சு வாங்குவார்கள்.

கோபம் அவருக்கு மூன்று மொழிகளில் வரும். தமிழில் ஆரம்பிக்கும், தெலுங்கில் சூடேறும். கன்னடத்துக்குப் போய்விட்டால் வந்தவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்வது நல்லது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அஞ்சு கட்டை லைட் வாங்கப் போனேன். எங்கள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒன்று வைத்திருந்தார். எனக்கும் ஆசை.

“இன்னாத்துக்கு?” என்றார் பாய்.

“ராத்திரியில ரூமுக்குப் போறதுக்கு.”

“ரூம் எங்க?”

“கச்சேரிக்கு எதிர்ச் சந்து.”

“எதிர்ச் சந்துக்கு அஞ்சு கட்டையா? தளி காட்டுல யானைக்குக் காவல் இருக்கறவன் வாங்கறது அது. உனக்கு ரெண்டு கட்டை போதும்.”

ரெண்டு கட்டை லைட்டைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளை முறைக்கப் போய்விட்டார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேய்ந்த கட்டையை வெயிலில் வைத்தால் மறுபடி உயிர் வரும் என்று ஊரே நம்பிய காலம். யார் வீட்டுச் சுவரிலாவது கட்டை காய்வது கண்ணில் பட்டால் தெருவில் நின்றே கத்துவார். “அது இன்னா, அப்பளமா?” புதுக் கட்டை இரண்டோடு பழசு ஒன்றைப் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு வேறு பாட்டு. “கெழ மாட்டையும் காளையையும் ஒண்ணாப் பூட்டி உழுவியாடா?”

இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட எனக்குப் பொறுக்க முடியாமல் போனது பாகலூர்ப் பண்ணைக்காரர் விஷயத்தில். எங்கள் தாசில்தாருக்கு வேண்டியவர். ஒரு சனிக்கிழமை நல்ல டார்ச் ஒன்று வேண்டும் என்றார். நான்தான் பெருமையாகப் பாய் கடைக்கு அழைத்துப் போனேன். பாய் மூணு கட்டை லைட்டில் புதுக் கட்டை போட்டு, சுவரில் வெளிச்சம் அடித்துக் காட்டி, அவர் கையில் கொடுத்த பிறகுதான் கேட்டார்.

“இன்னாத்துக்கு?”

“தோட்டத்துல பாழுங் கெணறு ஒண்ணு கெடக்குது. நாளைக்கு ஆள எறக்கித் தூர் வாரணும். உள்ள ஒரே இருட்டு.”

பாய் லைட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். “கெணத்துல எறங்க நான் லைட்டு தர மாட்டேன். லாந்தர் எடுத்துட்டுப் போங்க.”

“லாந்தர் எங்க ஊட்ல பத்து கெடக்குது. லைட்டக் குடு பாய்.”

பதில் கன்னடத்தில் வந்தது. பண்ணைக்காரர் முகம் சிவக்க இறங்கிப் போய் அடுத்த தெருவில் ஒரு டார்ச் வாங்கிக்கொண்டார்.

“நீங்க கடை வச்சிருக்கீங்களா, கோர்ட்டு வச்சிருக்கீங்களா? தாசில்தார் கேட்டா நான் இன்னா சொல்றது?” என்று தெருவே பார்க்கக் கத்தினேன்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. “வேற கடையில வாங்கிட்டானா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் என் அறை வாசலில் லாந்தரோடு நின்றார். “நீ கூட்டியாந்த ஆளு. நீதான் வழி காட்டணும். சைக்கிள எடு.”

கேரியரில் உட்கார்ந்தால் அவர் கால் தரையில் தேயும். பட்டப்பகலில் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்து எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாகலூர் வரைக்கும் மனசுக்குள் அவரைச் சபித்துக்கொண்டே மிதித்தேன்.

நாங்கள் போனபோது மாரப்பன் என்கிற கூலியாள் இடுப்பில் கயிறு கட்டி, கையில் புது டார்ச்சோடு, ஒரு காலைக் கிணற்றுக்குள் வைத்திருந்தான்.

“ஏறுடா மேல,” என்றார் பாய்.

“எங்க கெணத்துல உனக்கு இன்னா வேல?” என்று பண்ணைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பாய் லாந்தரைப் பற்றவைத்து, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். பாதிக் கிணறு தாண்டியதும் சுடர் சுருங்கி அணைந்தது.

“காத்துல அணைஞ்சிருக்கும்,” என்றார் பண்ணைக்காரர்.

மேலே இழுத்து, பற்றவைத்து, மறுபடி இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. மாரப்பன் உள்ளே வைத்திருந்த காலை வெளியே எடுத்தான்.

பாய் மாரப்பன் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, எரியவிட்டு, அதே கயிற்றில் கட்டி அடிவரை இறக்கினார். சேறு, முள், உடைந்த பானை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

“பாத்தியா, எவ்வளவு நல்லா எரியுது. வெளக்குக்கு மூச்சு வேணும், இதுக்கு வேணாம். கீழ விஷக்காத்து நிக்குது. நீ செத்துக் கெடந்தாலும் இது நல்லாக் காட்டும்.”

இதை மட்டும் அவர் கத்தாமல் சொன்னார். மாரப்பன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை. பண்ணைக்காரரே குனிந்து அவிழ்த்துவிட்டார்.

திரும்பி வரும்போது, “உங்களுக்கு எப்படி பாய் தெரியும்?” என்று கேட்டேன். பின்னால் அவர் லாந்தரை மடியில் வைத்துக்கொண்டார்.

“காவேரிப்பட்டணத்துல இதே மாதிரி ஒரு கெணத்துல என் தம்பி எறங்கினான். நான் குடுத்த லைட்டு. அவனை மேல தூக்கறப்பவும் கையில எரிஞ்சிட்டே இருந்துச்சு.”

சாலை மேடேறியது. “எறங்கித் தள்ளட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம் பாய், உக்காருங்க,” என்று சொல்லிவிட்டு, எழுந்து நின்று மிதித்தேன்.