ஆமை கடலைச் சேர்ந்ததா?

ஆமை முள்வேலியை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் அட்டைக்காரம்மாவின் கன்னம் திறந்திருந்த புத்தகத்தில் மோதியது.

"என்னம்மா, மறுபடியுமா?" என்று கல்லாவிலிருந்த பெண் கேட்டாள்.

"தூங்கல. யோசிச்சுட்டிருந்தேன்."

"யோசிச்சதுல கன்னத்துல வரிவரியா எழுத்து பதிஞ்சிருக்கு."

அட்டைக்காரம்மா கன்னத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். விட்ட இடம் எதுவென்று அவருக்கே தெரியவில்லை.

அந்தப் புத்தகக் கடையின் வாசலை ஒட்டிப் புதுவரவுகளுக்கென்று ஓர் அலமாரி உண்டு. குழந்தைகளின் கை எட்டும் கீழ்த்தட்டுகளில் சிறுவர் நூல்களும், மேல்தட்டுகளில் பெரியவர்களுக்கானவையும் இருக்கும். ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஒரு சிறிய அட்டை எட்டிப் பார்க்கும். அதில் அந்த நூலை யார் படிக்கலாம், ஏன் படிக்கலாம், யார் படிக்க வேண்டாம் என்பதெல்லாம் அட்டைக்காரம்மாவின் குண்டு குண்டுக் கையெழுத்தில் இருக்கும். வருகிறவர்கள் புத்தகத்தின் முகப்பைவிட அந்த அட்டையைத்தான் நம்பினார்கள். 'மாமியாருக்குப் பரிசளிக்க உகந்ததன்று' என்று அவர் எழுதிய ஒரு நாவலை மருமகள்கள் தேடிப்பிடித்து வாங்கிப் போனதும் உண்டு.

அவர் தமக்கென இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். கடைசி வரி வரை தாம் படிக்காத நூலுக்கு அட்டை எழுதுவதில்லை என்பது ஒன்று. எக்காரணம் கொண்டும் முடிவை முன்கூட்டிப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது மற்றொன்று. முடிவை முதலில் பார்ப்பவரையும் பிறர் வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பவரையும் அவர் ஒரே வரிசையில்தான் வைத்திருந்தார்.

இப்போது அந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் ஓர் ஆமை அகப்பட்டுக்கொண்டிருந்தது.

'ஆமை புறப்பட்டது' என்பது நூலின் பெயர். 'சிறுவருக்கும் பெரியவருக்கும்' என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். கடலைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆமை வீட்டை விட்டுக் கிளம்புகிறது. மொழியில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் எழுவாயும், பயனிலை இருக்க வேண்டிய இடத்தில் பயனிலையும் அடக்கமாக இருந்தன. 'ஆமை ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு மற்றொரு காலை எடுத்து வைத்தது. புல் அசைந்தது. பிறகு, அசையவில்லை.' இப்படியே போய் ஆமை ஒரு முள்வேலியை நெருங்கும். அதற்கப்பால் நடந்தது எதுவும் அட்டைக்காரம்மாவுக்குத் தெரியாது.

முதலாளி வந்து அலமாரியின் முன் நின்றார். அவர் கையில் ஒரு பச்சை நிறத் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அதை மேல்தட்டில் இரண்டு கவிதை நூல்களுக்கு நடுவே வைத்து, ஓரடி பின்வாங்கி அழகு பார்த்தார்.

"எடுப்பா இருக்குல்ல?"

"எடுத்துடுவேன்," என்றார் அட்டைக்காரம்மா.

"கோவப்படாதீங்கம்மா. புதுப் புத்தகமெல்லாம் தூசிதான் தின்னுட்டு நிக்குது. இந்த எடத்துல பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் வச்சா பள்ளிக்கூடம் தொறக்குற நேரத்துல பறந்துடும். சரி, கடைசியா ஒரு வாய்ப்பு. அடுத்த வாரம் சனிக்கிழமை அந்த ஆமைப் புத்தகத்தை எழுதின டாக்டர் வாசகர்களைப் பார்க்க வர்றாரு. எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப மயக்க ஊசி போட்டவர், கைராசிக்காரர். அவரு புத்தகம் நல்லாப் போச்சுன்னா அலமாரி உங்களுக்கு. இல்லேன்னா பாட்டிலுக்கு. நீங்கதான் பேசுறீங்க."

"பேசுறேன். முதல்ல படிச்சு முடிக்கணும்."

"இன்னுமா முடிக்கல? சின்னப் பசங்க புத்தகம்தானே?"

அகராதியையே அட்டை முதல் அட்டை வரை படித்தவரை ஓர் ஆமை தோற்கடித்துவிட முடியாது என்று அட்டைக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார்.

நின்றுகொண்டே படித்தால் தூக்கம் வராது என்று அன்று மாலை பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி படித்தார். உதடு அசைந்தால் விழிப்பாக இருக்கலாம் என்று மெல்ல வாய்விட்டும் படித்தார். நடத்துநர் தோளைத் தட்டியபோது பேருந்து பணிமனையில் நின்றுகொண்டிருந்தது. அவர் கம்பியோடு கம்பியாகச் சாய்ந்திருந்தார். அருகிலிருந்த இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வாயைத் திறந்துகொண்டு உறங்கிக்கொண்டிருந்தார்.

விழித்ததும் அந்தப் பெண்மணி சண்டைக்கு வந்தார். "நீங்க முணுமுணுன்னு படிச்சதுல நானும் கண்ணசந்துட்டேன். இப்ப வீட்டுக்கு நடந்தா போறது?"

"மன்னிச்சுக்குங்க. வேலிக்கு அப்புறம் ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"எந்த வேலி?" என்று முறைத்தவர், நாலடி போய்த் திரும்பி வந்தார். "அந்தப் புத்தகத்தோட பேரு என்ன?"

மறுநாள் காலை அட்டைக்காரம்மா தம் கணவரிடம் போய் நின்றார். ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வரும் அவருக்குப் பகலில் உறக்கம் பிடிப்பதில்லை. எதிர்வீட்டுக் குழாய் சொட்டினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஏங்க, சும்மாதானே முழிச்சுக் கெடக்கீங்க. இதைப் படிச்சு வைங்க. முடிவைச் சொல்லிடாதீங்க. நல்லா இருக்கா, இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும்."

சட்டத்தைச் சற்றே வளைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தேயிருந்தது. இரவு கடை மூடித் திரும்பியபோது கணவரின் கைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆலையின் மேற்பார்வையாளர் ஆளைக் காணோமென்று தேடிக்கொண்டிருந்தார். ஆள், புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு, தாயின் மடியில் கிடப்பவர்போல் கிடந்தார்.

"என்னங்க, வேலைக்குப் போகல?"

"மணி என்ன?" கணவர் கண்ணைக் கசக்கினார். "கல்யாணத்துக்கப்புறம் இப்பத்தான்டி இப்படித் தூங்கியிருக்கேன்."

"அது கெடக்கட்டும். ஆமை வேலியைத் தாண்டுச்சா?"

"வேலிகிட்ட வந்துச்சு. ஆமா, அந்தப் புத்தகத்தை எங்க எடுத்துட்டுப் போற? இங்கேயே வச்சுட்டுப் போ."

அட்டைக்காரம்மா கணவரிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மறுநாள் பகலில் தங்கையின் வீட்டுக்குப் போனார். தங்கையின் மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். ஒரு வரி படித்தால் ஒன்பது கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விகளே தம்மை விழிப்பாக வைத்திருக்கும் என்பது அட்டைக்காரம்மாவின் கணக்கு.

"பெரியம்மா, ஆமை ஏன் பஸ்ல போகல?"

"கேளு, நல்லாக் கேளு," என்று அவர் உற்சாகமாகப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவது கேள்வி வரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, "நானும் கேக்குறேன்க்கா," என்று சுவரோரம் சாய்ந்த தங்கையின் குரலும் பிறகு எழவில்லை. பக்கத்து வீட்டார் கதவை உடைக்காத குறையாகத் தட்டியபோது வீடு முழுக்கப் புகை. பாத்திரம் கரியாகியிருந்தது.

"திட்டுறதுன்னா திட்டிடு," என்றார் அட்டைக்காரம்மா.

"பாத்திரம் போனாப் போகுதுக்கா. இவ பகல்ல கண்ணை மூடி எத்தனை நாளாச்சு தெரியுமா? அந்தப் புத்தகம் கடையில இன்னும் இருக்கா?"

ஆமைக்கு இன்னும் அட்டை இல்லை. அலமாரியிலோ பாட்டில்கள் இரண்டாகப் பெருகி, ஒரு சாப்பாட்டு டப்பாவும் உறவு கொண்டாடிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. அட்டைக்காரம்மா வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு, தம் வாழ்நாளில் முதன்முறையாக, தாம் முடிக்காத ஒரு நூலுக்கு எழுதினார்: 'கடல்வரை நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் கதை. பாதியில் கீழே வைக்க மனம் வராது. சிறுவர், பெரியவர் இருவருக்கும்.'

புத்தகம் ஓடத் தொடங்கியது. அதுதான் அடுத்த தலைவலி. வாங்கிப் போனவர்கள் மறுநாளே தெளிந்த முகத்தோடு திரும்பி வந்து, தம்பி வீட்டுக்கொன்று, அலுவலகத்துக்கொன்று என்று அள்ளிக்கொண்டு போனார்கள். தம் அட்டைக்கு இத்தனை வலிமையா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. கடைசியில், இரட்டைப் பிள்ளைகளின் தந்தை ஒருவரை ஓரமாக அழைத்தார்.

"முடிவு... உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அந்தத் தந்தை ஒரு கணம் விழித்தார். பிறகு, "அதை வெளியில சொல்லக்கூடாதுன்னு நீங்கதானேம்மா எங்களையெல்லாம் அதட்டுவீங்க," என்று சிரித்தபடி நழுவிவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் அட்டைக்காரம்மா முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொண்டு கடைசித் தடவையாகப் படித்துப் பார்த்தார். வேலிதான் வந்தது. கன்னத்தில் எழுத்துதான் பதிந்தது. விரல் தானாகவே கடைசிப் பக்கத்தை நோக்கி ஊர்ந்தது. அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பொய் எழுதியாகிவிட்டது, அதற்காகத் திருடவும் வேண்டுமா என்று தம்மையே அதட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

கடை நிறைந்திருந்தது. தங்கை வந்திருந்தாள். இரட்டைப் பிள்ளைகளின் தந்தை வந்திருந்தார். பேருந்துப் பெண்மணிகூட முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். டாக்டர் ஒல்லியாக, பூப்போன்ற குரலோடு இருந்தார். அவருடைய மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளி அலமாரியின் அருகில், கையில் பாட்டிலோடு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் நின்றார்.

டாக்டர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இதை நீங்கதான் எழுதினீங்களாம்மா?"

"நான்தான்."

"முடிவு வரைக்குமா படிச்சீங்க?"

முதலாளியின் விரல்கள் பாட்டிலின் மூடியைத் திருகின. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சிறுமி உட்கார்ந்து திமிங்கிலப் படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அட்டைக்காரம்மா அவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார்.

"கடைசி வரி வரைக்கும் படிச்சேன் டாக்டர். ஆமை கடலைப் பார்க்குற எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

டாக்டரின் கண்ணாடி மூக்கிலிருந்து சற்று வழுக்கியது. "கடலையா?" என்றார்.

நம்பவில்லை போலும் என்று எண்ணிய அட்டைக்காரம்மா, இனிப் பின்வாங்குவதில்லை என்று முடிவு செய்தார். "ஆமா. ஒரு சின்ன அலை வந்து அது காலை நனைச்சுட்டுப் பேசாமத் திரும்பிப் போகுமே, அதை எப்படி டாக்டர் எழுதினீங்க?"

பிறகு இரட்டைப் பிள்ளைகளின் தந்தை தொண்டையைச் செருமினார். "அந்த அலை வரும்போது எனக்கும் நெஞ்சு அடைச்சுருச்சுங்க."

"அலையை விடுங்க," என்றார் பேருந்துப் பெண்மணி. "ஒரு நண்டு ஒதுங்கி நின்னு வழி விடுமே, அதுதாங்க உச்சம்."

தங்கை மட்டும் சும்மா இருப்பாளா? "அந்த நண்டை நெனச்சு என் பொண்ணு ஒரு வாரமா அழுவுறாங்க."

புத்தகத்தைத் திறந்தே பாராத முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "சூரியன் மறையுற எடத்தை யாருமே சொல்லலியே," என்று தழுதழுத்தார். பிறகு அலமாரியிலிருந்த பாட்டில்களையும் டப்பாவையும் தம் கையாலேயே வாரி எடுத்துக் கல்லாவுக்குக் கீழே தள்ளினார். "எல்லார் முன்னாடியும் சொல்றேன். இந்த அலமாரி இனிமே இங்கேதான் இருக்கும்."

கைத்தட்டல் எழுந்தது. அட்டைக்காரம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டார்.

டாக்டர் மட்டும் தட்டவில்லை. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி கைப்பையை மூடிவிட்டு மெல்ல எழுந்தார்.

"ஏங்க, நம்ம பையனைத் தூங்க வைக்க எழுதின கதைதானே இது? எவனும் முழிச்சிருந்து வேலியைத் தாண்ட மாட்டான்னு சொல்லி, புத்தகத்துல பாதிக்கு மேல முதல் பக்கத்துலேர்ந்தே திரும்பவும் அச்சடிக்க வச்சீங்களே, இவங்க எல்லாருக்கும் மட்டும் கடல் வர்ற புத்தகம் எங்கேருந்து கெடைச்சுது?"