ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பசு

கனவு காண்கிற ஆளை மொழிபெயர்க்கக் கூப்பிடவே கூடாது. பட்டவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உட்கார்ந்தால் கனவு, நின்றால் கனவு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கூடக் கனவு. (இறங்க வேண்டிய ஸ்டாப்பில் ஒழுங்காக இறங்கிய நாட்களைச் சுலபமாக எண்ணிவிடலாம்.)

அறுபதுகளின் தொடக்கம். ஆலங்குடிப் பக்கத்தில் கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய்க் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே எங்களுக்கு ஒரு பேராசிரியர். இளவயதில் கப்பல் வைத்தியராகப் போய், தென் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் சில வருஷம் தங்கிவிட்டுத் திரும்பியவர். மாலை நேரத்தில் அவராகவே ஒரு வகுப்பு ஆரம்பித்தார். உலகப் பொதுச் சுகாதாரமும் ஸ்பானிஷ் மொழியும் சேர்ந்த வகுப்பு.

"காலராவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அது எந்த நாட்டுக்கும் போகும். நாமளும் போகணும்னா பாஷை வேணும்" என்பார்.

முதல் நாள் வகுப்பறை நிரம்பி வழிந்தது. நோய்களின் படங்களை அவர் சுவரில் மாட்டிய பிறகு பாதிப் பேரைக் காணவில்லை. வினைச்சொற்களை ஆரம்பித்த பிறகு மிச்சப் பேரையும் காணவில்லை. கடைசியில் நான் மட்டும் இருந்தேன். நோய்ப் படங்களை நான் பார்த்தால்தானே பயப்பட! ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மொழியின் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. நிலாவுக்கு 'லூனா'. வண்ணத்துப்பூச்சிக்கு 'மாரிபோசா'. இதைச் சொல்லிக்கொண்டே முந்திரிக் காடுகளைத் தாண்டி வீட்டுக்குப் போவேன். சாயங்கால வெயிலில் அந்தக் காடு கரைந்து, பெரிய பெரிய மலைகளாக எழும்பி நிற்கும். வெள்ளைக் கோட்டுப் போட்ட நான், கோவேறு கழுதை மேல் உட்கார்ந்து, மேகத்துக்குள் இருக்கிற ஒரு கிராமத்துக்கு மருந்துப் பெட்டியோடு ஏறிப்போவேன். அந்த ஊர் ஜனங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து கை அசைப்பார்கள்.

"டிக்கெட்டு எடுத்தாச்சா, இல்லையா?" என்று கண்டக்டர் கேட்பார்.

"ஸீ" என்பேன். ஆமாம் என்று அர்த்தம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அங்கிட்டுப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில்தான் பெரு நாட்டிலிருந்து ஒரு பெண் டாக்டர் வருவதாகச் செய்தி வந்தது. எலேனா என்று பெயர். நம் பக்கத்துக் கிராமங்களில் அம்மை குத்துகிற வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வருகிறார். அதோடு, ஸ்பானிஷ் தெரிந்த மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷப் பயிற்சிக்குத் தன் நாட்டுக்கு அழைத்துப் போவார். ஸ்பானிஷ் தெரிந்த மாணவர் என்று இருந்ததே நான் ஒருத்திதான்.

அய்யாவிடம் சொன்னேன். கடலை மூட்டை மேல் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"அந்தம்மா ஒன்னைய வான்னு கூப்பிட்டா போயிட்டு வா. கூப்பிடலைன்னா குளத்தூர்ல ஒரு எடம் சொல்றாக. அவுகளைப் பொண்ணு பார்க்க வரச் சொல்லுவேன். அப்ப மொகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"சரிங்கய்யா" என்றேன். மனசுக்குள் அப்போதே கப்பல் கிளம்பிவிட்டது.

பேராசிரியர்தான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. நான் பக்கத்தில் நின்று இடையிடையே இரண்டு வாக்கியம் பேசினால் போதும். ஆனால் டாக்டர் வருகிற அன்று காலை பேராசிரியருக்குப் பொன்னுக்குவீங்கி. உலகத்து நோயெல்லாம் கற்றுக்கொடுத்த மனுஷர், இரண்டு கன்னமும் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மனைவியின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். (தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்று அவர் மனைவிக்கு நம்பிக்கை. அவருக்கு எதிர்த்துப் பேச வாய் திறக்கவில்லை.) 'நீயே போ' என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

போனேன். குடுமியான்மலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஜீப்பில் டாக்டர் எலேனா, நான், சுகாதார அதிகாரி ஒருவர், அம்மை குத்துகிறவர் ஒருவர். எலேனா அம்மாவுக்கு நம் ஆத்தாமார்கள் மாதிரியே நிறம், அதே மாதிரி எண்ணெய் தடவிப் பின்னிய சடை. ஸ்பானிஷில் கடகடவென்று பேசினார். இங்கிலீஷ் ஏதோ பத்து இருபது வார்த்தை. அதிகாரிக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும், தெரியாததையும் தெரிந்த மாதிரித் தலையாட்டத் தெரியும்.

ஊருக்குள் ஜீப் நுழைந்ததுமே பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முந்திரிக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அம்மை குத்த ஆள் வந்தால் எப்போதும் நடப்பதுதான். வேப்பமரத்தடியில் சில கிழவர்களும் ஒரு நாயும் மட்டும் மிச்சம்.

அதிகாரி சொன்னார்: "இந்த ஊர்ல பாதிப் புள்ளைகளுக்குத்தாம்மா அம்மை குத்தியிருக்கு. மத்ததெல்லாம் ஓடிப் போயிருதுன்னு சொல்லுங்க."

அம்மை குத்துகிற தடுப்பு மருந்துக்கு ஸ்பானிஷில் என்ன? அந்தப் பாடம் நடந்த சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்கு என்ன வார்த்தை என்று நன்றாக நினைவிருந்தது. மருந்துக்கு 'பாக்கா' என்று என்னமோ தொடங்கும். தொடங்கினால் போதாதா என்று 'பாக்கா'வோடு நிறுத்திக்கொண்டேன்.

மருந்துக்கு 'பாக்கூனா'. 'பாக்கா' என்றால் பசு மாடு.

ஆகவே நான் கணீரென்று சொன்னது இதுதான்: "இந்த ஊரில் பாதிக் குழந்தைகளுக்குப் பசு மாடு கொடுத்தாயிற்று. மற்றவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள்."

எலேனா அம்மாவின் புருவம் ஏறியது. "பசுவுக்கா பயப்படுகிறார்கள்?"

"ரொம்ப. வலிக்கும் என்று பயம்."

"எங்கே வலிக்கும்?"

"கையில்" என்று இடது தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன்.

அவர் என் தோளையே சிறிது நேரம் பார்த்தார். "இதற்குக் காசு உண்டா?"

"கிடையாது. அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. எல்லாக் குழந்தைக்கும்."

அவ்வளவுதான், அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கையையும் வலியையும் என் பாஷைக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு, நல்ல பகுதியை மட்டும் நம்பிவிட்டார் போலிருக்கிறது. அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் சேர்த்துச் சொன்னார்: "கவ்! எவரி சைல்ட், கவ்! ஃப்ரீ! வொண்டர்ஃபுல்!"

அதிகாரி திகைத்துப் போனார். ஆனால் ஒரு நொடிதான். அவருக்கு அது வேறு மாதிரி புரிந்துவிட்டது. மரத்தடி மேடையில் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் காட்டைப் பார்த்துக் கத்தினார்:

"எல்லாரும் வாங்க! அம்மை குத்திக்கிற ஒவ்வொரு புள்ளைக்கும் இந்த அம்மா அவுக நாட்டுலேருந்து பசு மாடு தாராகளாம்!"

நானும் கேட்டேன். கேட்டு என்ன செய்தேன்? நம்பினேன்! இரண்டு பேரும் இங்கிலீஷில் ஏதோ பேசி முடிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிஷமே என் கண் முன்னால் கடற்கரை விரிந்தது. பெரிய கப்பலிலிருந்து வெள்ளைப் பசுக்கள் வரிசையாக, மெதுவாக, மணி ஒலிக்க இறங்கி வந்தன. அவற்றுக்கு முன்னால் நான், வெள்ளைக் கோட்டில்.

காடு அசைந்தது. ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். பிறகு ஓடியே வந்தார்கள். ஒரு குழந்தையோடு ஓடினவள் இரண்டோடு திரும்பினாள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஏற்கெனவே குத்திய தழும்பை மறைத்துக்கொண்டு ஒரு தாத்தா வரிசையில் நின்றார். அம்மை குத்துகிறவர் நிமிரவே இல்லை. எலேனா அம்மாவும் புடவை கட்டாத குறையாக உட்கார்ந்து, தானே குழந்தைகளைப் பிடித்துக்கொண்டார். மதியத்துக்குள் அந்த ஊரில் குத்தாத கை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு வீராயி என்று ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு என்னிடம் வந்தாள்.

"தாயி, மாடு என்னைக்கு வரும்னு அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. கொட்டகை போடணும்ல?"

கேட்டேன். மாட்டுக்கு என்ன வார்த்தை என்று தெரியாததால் சுற்றி வளைத்து, "பால் கொடுக்கிற அந்தப் பிராணிகள் எப்போது வரும்?" என்றேன்.

எலேனா அம்மா குழம்பினார். "உங்கள் அரசாங்கம்தானே கொடுக்கிறது? என்னைக் கேட்கிறாயே?"

"இல்லையே, அரசாங்கம் கொடுப்பது 'பாக்கா'தானே... இப்போதுகூடக் குத்தினோமே, கையில்..." என்று மருந்துக் குப்பியைக் காட்டினேன்.

அவர் குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குப்பியைத் தூக்கிப் பிடித்து, "பாக்கூனா" என்றார். அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டைக் காட்டி, "பாக்கா" என்றார்.

கப்பல் அப்படியே கவிழ்ந்தது. அத்தனை பசுவும் கடலில்.

எலேனா அம்மா ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு விஷயம் புரிந்ததும் ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆக ஊர் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியவள் நான்.

சொன்னேன். "மாடு இல்லைங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள்! "மாடு தாரேன்னு கூப்பிட்டு எங்க புள்ளையக் குத்திப்புட்டீங்களா?" என்று ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகினாள். தழும்பை மறைத்த தாத்தா, "எனக்கு ரெண்டாந்தடவடி!" என்று கையைக் காட்டிக் கத்தினார். நான் நின்ற இடத்தில் நின்றே அழ ஆரம்பித்துவிட்டேன்.

வீராயிதான் பக்கத்தில் வந்தாள். "அழுகாதீக தாயி. இதக் குத்துனா அம்மை வராதுங்கிறது மட்டும் மெய்தானே?"

"மெய்தாங்க. சத்தியமா."

இடுப்பில் இருந்த குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டாள். "மூத்தவன அம்மை கொண்டு போயிருச்சு. அப்பயும் குத்த வந்தாக. நான் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடிட்டேன். இன்னைக்கும் மாடுன்னு சொல்லலைன்னா ஓடித்தான் இருப்பேன்." பிறகு திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "புள்ள மிஞ்சுச்சுன்னா மாட்ட அது சம்பாரிச்சுக்கிரும். போயி வேலையப் பாருங்கடி."

ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணீரும் மோருமாகக் குடித்தேன்.

திரும்பி வரும்போது எலேனா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். அந்த மருந்தை முதன்முதலில் பசுவின் அம்மையிலிருந்துதான் எடுத்தார்களாம். பசுவிலிருந்துதான் மருந்துக்கே அந்தப் பெயர் வந்ததாம். "நீ சொன்னது தப்பு. ஆனால் ரொம்பத் தூரத்துத் தப்பு இல்லை" என்றார். ஆனாலும் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வருஷம் யாரையுமே தேர்ந்தெடுக்கவில்லை. ஒருத்தி மட்டும் ஓடிய பந்தயத்தில் தோற்ற பெருமை எனக்கு உண்டு.

ஊர்க் கதை நடந்து வந்தால் நடந்த மாதிரியா வரும்? குடுமியான்மலையிலிருந்து குளத்தூர் போய்ச் சேர்வதற்குள், 'ஆலங்குடிப் பொண்ணு ஒருத்தி ஊருக்கே மாடு குடுத்தாளாம்' என்று ஆகியிருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்குள் குளத்தூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவருடைய ஆத்தா வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைப்பக்கம் போனார். அங்கே எங்கள் ஒற்றை எருமை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்:

"மத்த மாடெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்குங்களா?"

அய்யா திருதிருவென்று விழித்தார். உள்ளே காபித் தட்டோடு நின்ற எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூக்கில் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தட்டோடு வெளியே வந்து, பெண் பார்க்கிற முறையெல்லாம் மறந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். வாத்தியார் குடித்த காபி வேட்டியெல்லாம். அவர் ஆத்தா சிரிக்கவில்லை. ஆனால் கிளம்பியும் போகவில்லை.

"பொய் சொல்லத் தெரியாத பொண்ணா இருக்கு" என்றார் கடைசியில். "இருந்துட்டுப் போகட்டும்."

கல்யாணம் நடந்தது. சுகாதாரத் துறையில் வேலையும் கிடைத்தது. ஓய்வு பெறுகிற வரை ஊர் ஊராகப் போய் அம்மை, காலரா என்று பேசினேன், தமிழில் மட்டும். யாராவது வீட்டுக்கு வந்து, "மருமக என்ன கொண்டாந்தா?" என்று கேட்டால், மாமியார் முகம் மாறாமல், "நிறைய மாடு. எல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்கு" என்பார்.

எங்கள் வீட்டில் அது அப்படியே நிலைத்துவிட்டது. மின்சாரம் போனால் மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது. வராத பஸ், வராத சம்பளம், சொல்லிவிட்டு வராத விருந்தாளி, எல்லாம் மேய்ச்சலில். போன வாரம் என் கணவர் வீடு முழுக்கப் பல்செட்டைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். பொக்கை வாயால் சொன்னார்:

"மேய்ச்சலுக்குப் போயிருக்கு. ஸ்பானிஷ்ல கூப்பிட்டுப் பாரு, வந்தாலும் வரும்."