மூலையே இல்லாத மில்லும் ஏழு இடது கால் ஷூவும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பது வருடம் தீயணைப்பு வண்டியில் ஏறி இறங்கியவன் நான். ஆனால் இன்றைக்கும் வெளியூர் கிளம்பினால், கேஸ் அடுப்பை மூடினோமா என்று பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருவேன். மூடித்தான் இருக்கும். மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், பார்க்கிற சாக்கில் கை பட்டுத் திறந்துவிட்டோமோ என்று தோன்றும். (இதிலேயே இரண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் போச்சு.)

இந்தக் கவலை என்னோடு பிறந்தது. வளவனூரில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வறுமை என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். நிஜம் அது இல்லை. பரீட்சைத் தாளில் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், மணி அடித்துவிடும். பிறகு கரும்பு லாரியில் கிளீனராகப் போனேன். டயர் கழன்றிருக்குமோ என்று ஐந்து மைலுக்கு ஒருதரம் வண்டியைத் தட்டி நிறுத்துவேன். நாலாவது நாள் டிரைவர் என்னை நடுரோட்டில் இறக்கிவிட்டு, "தம்பி, டயரு தானா கழண்டாக்கூட பரவால்ல, நீ வராத" என்று போய்விட்டார்.

அப்படிப்பட்டவன் எண்பதுகளின் நடுவில் ஃபயர்மேன் வேலைக்கு எடுக்கப்பட்டேன் என்றால் நம்பமாட்டீர்கள். எங்கள் அப்பாவும் நம்பவில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். சின்ன வயதிலிருந்து எதையாவது கண்டு ஓடிக்கொண்டே இருந்தவனுக்கு அது ஒரு பெரிய விஷயமா? விழுப்புரத்தில் பயிற்சி என்று கடிதாசு வந்ததும் அப்பா டீக்கடை, சலூன், பஞ்சாயத்து போர்டு என்று ஓர் இடம் விடாமல் சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"டேய், இதுலயும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு வச்சிக்க, பஸ்ஸு வளவனூர்ல நின்னா நீ எறங்காத. அப்படியே பாண்டிக்குப் போய்க்கினே இரு."

பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். ஏணி ஏறுவது, தண்ணீர்க் குழாயைச் சுருட்டுவது, இவற்றோடு தினமும் ஜோடி ஜோடியாக ஒருவரை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது. என் ஜோடி தனபால், திண்டிவனத்துக்காரன். நல்ல கனம். முதல் வாரம் அவனோடு சேர்ந்து விழுந்தேன். மூன்றாவது வாரம் அவனைத் தூக்கியபடியே, அவன் சட்டைப் பையிலிருந்த சீப்பு விழுந்துவிடுமோ என்று கவலைப்படும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் லீடிங் ஃபயர்மேன். 'லீடிங் ஐயா' என்போம். புகைச் சோதனை ஒன்று மிச்சம் இருந்தது. அதில் தேறாதவன் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, அதன் சூத்திரத்தையும் அவரே சொன்னார்.

"உள்ள ஒண்ணும் தெரியாது. முட்டி போட்டுப் போ. எடது கைய செவுத்த வுட்டு எடுக்காத. சோத்துக்கையால முன்னால தடவு, அதுவும் பொறங்கையால. கரண்டு கிரண்டு இருந்தா கை தானா ஒதறிக்கும். மூலைய எண்ணு. நாலு மூலை வந்துட்டா வாசலுக்கு வந்துட்டேன்னு அர்த்தம். வழியில பொம்மை கெடக்கும். தூக்கிக்கினு வா. ஆள் கெடச்சா கேள்வி கேக்காத, தூக்கு!"

பொம்மை என்பது பழைய காக்கி உடுப்புக்குள் தேங்காய் நார் அடைத்தது. ஆள் கனம் இருக்கும். முகத்துக்குப் பதில் ஒரு சாக்கு முடிச்சு.

சோதனைக்கு இடம், திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் மூடிக் கிடந்த ஒரு அரிசி மில். பட்டப்பகல், பன்னிரண்டு மணி வெயில். ஆனால் மில்லைச் சுற்றி ஒரு காக்கா கூட இல்லை. ஜன்னல்களுக்குச் சாக்கு அடித்து, உள்ளே ஈர வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். கதவிடுக்கு வழியாகப் புகை மெதுவாக, அவசரமே இல்லாமல், வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு மேலே போனது. சாவியோடு வந்த வாட்ச்மேன் ஓரமாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உருப்படியாக ஏதாவது சொல்வாரென்று அவர் பக்கத்தில் போனேன்.

"உள்ள மில்லு ஓடற சத்தம் கேக்கும். பயப்படாத" என்றார்.

"ஏன், மோட்டாரு போட்டு உட்ருக்காங்களா?"

"மோட்டார வித்து மூணு வருசமாவுது."

அவர் பீடியை முடித்துக்கொண்டு போய்விட்டார். நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

என் இடுப்பில் நூற்றைம்பது அடிக் கயிற்றைக் கட்டினார்கள். அதன் மறுமுனையை வாசலில் பிடித்திருப்பவன் தனபால். ஒருதரம் இழுத்தால் நலம். இரண்டுதரம் என்றால் கயிறு விடு. மூன்று என்றால் ஆபத்து.

"மூணு இழுத்தா வந்துடுவல்ல?" என்று கேட்டேன்.

"வருவேன்டா."

"சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியம். போடா, பேஜாரு புடிச்சவனே!"

மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நுழைந்தேன். கண் எரிந்தது. திறந்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று இறுக்கி மூடிக்கொண்டேன். (இந்த முடிவை நினைவில் வையுங்கள்.) இடது கையில் சுவர் இருந்தது. சில்லென்று, பழைய தவிட்டு வாசனையோடு. பத்தடி போயிருப்பேன். ஒரு தும்மல் வந்தது. உடம்பே திரும்பிக்கொள்கிற மாதிரி தும்மல். கை சுவரை விட்டது. உயிரே போச்சு என்று இரண்டு பக்கமும் துழாவினேன். நல்லவேளை, கொஞ்ச தூரத்திலேயே செங்கல் தட்டுப்பட்டது. இனி செத்தாலும் விடுவதில்லை என்று இடது கையை அதில் ஒட்டிக்கொண்டு முன்னேறினேன்.

போனேன். போனேன். மூலை வரவில்லை.

மில் நாற்பதடி நீளம் என்று வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். நாற்பதடிக்கு மேலேயே வந்தாகிவிட்டது. சுவர் போய்க்கொண்டே இருக்கிறது. புறங்கையில் ஏதோ பட்டது. மெத்தென்று இருந்தது. தடவினேன். ஒரு கேன்வாஸ் ஷூ, இடது கால். யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள் என்று தாண்டிப்போனேன். முழ உயரத்தில் குறுக்கே ஒரு கயிறு விறைத்து நின்றது. குனிந்து அதன் அடியில் நுழைந்தேன்.

மறுபடியும் சுவர். மூலை இல்லை. மறுபடியும் ஒரு ஷூ. அதுவும் இடது கால். மறுபடியும் குறுக்கே கயிறு.

மூன்றாவது ஷூவைத் தொட்டபோது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எனக்கு முன்னால் இதே சோதனைக்கு வந்தவர்களின் ஷூக்கள் இவை. கயிறு அவர்கள் இடுப்பில் கட்டியது. உள்ளே வந்தார்கள், வெளியே போகவில்லை. ஷூவும் கயிறும்தான் மிச்சம். அலுவலகத்தில் இதை மறைத்துவிட்டார்கள். (எட்டாவதோடு நின்றவன் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள்!)

கயிற்றை மூன்று இழுப்பு இழுத்தேன். பதில் இல்லை. இன்னும் மூன்று. யாரோ மறுபக்கம் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அது தனபாலின் பிடி இல்லை. கொஞ்சம் கூட அசையாத, கல் மாதிரி ஒரு பிடி. போகப்போக அது என் இடுப்பை அந்தச் சுவரோடு நெருக்கிக்கொண்டு வந்தது. காதுக்குள் சத்தம் கேட்டது. டக்... சர்ர்ர். டக்... சர்ர்ர். மில் ஓடுகிறது. மோட்டாரை விற்று மூன்று வருடமான மில்.

நாலு. ஐந்து. ஆறு. எல்லாம் இடது கால். ஏழாவதைத் தொட்டதும் ஒரு சந்தேகம் வந்து, கையைப் பின்னால் நீட்டி என் காலைத் தடவிப் பார்த்தேன். வலது காலில் ஷூ இருந்தது. இடது கால் வெறும் கால்.

சரி, நானும் அந்த வரிசையில் சேர்ந்தாகிவிட்டது என்று நினைத்தேன். வளவனூரில் பஸ் நிற்கும், நான் இறங்கமாட்டேன், அப்பா ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பார். அதை நினைத்ததும் அழுகை வந்தது. புகையில் அழுதால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அப்போதுதான் பின்னால் இன்னொன்று தவழ்ந்து வருவது கேட்டது. முட்டி தரையில் உரசும் சத்தம். நான் நின்றால் அது நிற்கவில்லை. மூச்சு கேட்டது. துணி வைத்து அமுக்கிய மூச்சு. சாக்கு முடிச்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மூச்சு. அது என் வெறுங்காலைப் பிடித்தது.

நான் கத்தவில்லை. மூன்று வாரம் பழகிய கை, என்னைக் கேட்காமலே வேலையைச் செய்தது. ஆள் கெடச்சா கேள்வி கேக்காத, தூக்கு! திரும்பினேன், அக்குளில் கை கொடுத்தேன், ஒரே மூச்சில் தோளில் போட்டேன், எழுந்து ஓடினேன். தோளில் இருந்தது உதைத்தது, முதுகில் குத்தியது, துண்டுக்குள்ளிருந்து ஏதோ கத்தியது. விடவில்லை. கயிறு என்னை நேராகப் போகவிடாமல் சுண்டியது. சுண்டின பக்கமெல்லாம் ஓடினேன்.

எவ்வளவு நேரம் ஓடினேனோ. திடீரென்று கவனித்தேன், இருமல் இல்லை. நல்ல காற்று. வெகு அருகில் லீடிங் ஐயாவின் குரல், என்றைக்கும் இல்லாத மென்மையோடு:

"யப்பா. கண்ணத் தொற."

"தொறக்கலாமா ஐயா?"

"தொறப்பா."

திறந்தேன். பின்கதவு, ஜன்னல் சாக்கு எல்லாம் திறந்து கிடக்க, மில் முழுக்க வெயில். சுவரோரமாக என் கூடப் படித்த பத்துப் பேரும் வாட்ச்மேனும் வரிசையாக, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றிருந்தார்கள். நான் நின்ற இடம் மில்லின் நடுவே. பக்கத்தில் இருந்தது நெல் ஊறப்போடும் தொட்டி. செங்கல் தொட்டி. வட்டத் தொட்டி. அதன் இடுப்பில் என் கயிறு ஒரு சுற்று இன்னும் மிச்சமிருந்தது. தொட்டி ஓரத்தில் ஒரே ஒரு ஷூ கிடந்தது. என்னுடையது. லேஸ் கூட நான் போட்ட முடிச்சுதான்.

வாசலுக்கு வலப்பக்கம் ஐந்தடியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது பொம்மை. கூட்டத்தில் அது ஒன்றுதான் என்னைப் பார்த்து அதிர்ச்சி அடையவில்லை.

அப்படியானால் தோளில்?

"எறக்கி உட்றா!" என்றான் தனபால், தலைகீழாக.

பிறகுதான் வெளியில் நடந்தது தெரிந்தது. நாற்பதடி மில்லுக்குள் கயிறு போய்க்கொண்டே இருந்ததாம். எழுபது, நூறு, நூற்றிருபது. "ஐயா, பூந்துக்கினே போறான் ஐயா, எங்க போறான்னே தெரியல!" என்று தனபால் அலற, வாட்ச்மேன் "பின்னால பாழுங்கெணறு ஒண்ணு இருக்குது" என்று எடுத்துக்கொடுக்க, கயிறு தீர்ந்தே போக, கயிற்றைப் பிடித்துக்கொண்டே தனபால் உள்ளே வந்திருக்கிறான். கயிறு சுற்றிய இடமெல்லாம் அவனும் சுற்றியிருக்கிறான். சொன்ன சத்தியத்தைக் காப்பாற்றியவன் அவன் ஒருவன்தான். அதற்குப் பரிசாக, நான் தூக்கிக்கொண்டு ஓடியதில் தொட்டியில் இடித்து, நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம்.

லீடிங் ஐயா பொம்மையை ஒருதரம், தனபாலை ஒருதரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"பொம்மைய எடுத்தாடான்னா, ரோப்பு புடிச்சிக்கினு இருந்தவன எடுத்தாந்திருக்கியே. இத நான் என்னான்னு எழுதறது?"

"ஆளுதானே ஐயா?" என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே துணிச்சல் அது.

"உசுரோட இருக்கான்னு எழுதிக்கங்க ஐயா" என்றான் தனபால், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "பொம்மைய தூக்கறது ஈஸி. அது ஒதைக்காது. இவன் ஒத வாங்கிக்கினே தூக்கினான்."

அதற்காகத்தான் எனக்கு மறுநாள் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. கண்ணைத் திறந்துகொண்டு போனேன். ஒவ்வொரு மூலையையும் நான் கத்த, வெளியே பதினோரு பேரும் சேர்ந்து கத்தினார்கள். "ஒண்ணு! ரெண்டு!" நாலாவது மூலை தாண்டியதும் பொம்மை கிடைத்தது. தேறினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் வளவனூரில் நின்றது. காக்கி உடுப்போடு இறங்கினேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தார். "ரெண்டு காலும் இருக்குதே" என்றார். தனபால் எனக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்து எங்கள் ஊர் டீக்கடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான்.

அவன் தன் வீட்டிலும் சொன்னான். அண்ணனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றியவனைப் பார்க்கவேண்டும் என்று அவன் தங்கை கஸ்தூரி கேட்டாளாம். போனேன். இரண்டு வருடம் கழித்து மயிலம் மலையில் எங்களுக்குக் கல்யாணம். அக்கினியை வலம் வரும்போது கூட்டத்திலிருந்து தனபால் கத்தினான்: "மாப்ள, மூணு சுத்து போதும்! கண்ணத் தொறந்துக்கினு சுத்து!" ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இன்றும் வீட்டில் யாராவது விருந்துக்கு வந்தால் இந்தக் கதை வராமல் சோறு இறங்காது. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் நான் சிரிப்பதில்லை. அன்றைக்கே லீடிங் ஐயா தொட்டியின் சுற்றளவை அளந்து, கயிற்றோடு வைத்துக் கணக்குப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் ஆறு சுற்றுக்கு மேல் கயிறு எட்டாது. நான் தொட்டது ஏழு. தப்பாக எண்ணியிருப்பாய் என்றார்கள். நான் எண்ணிக்கையில் தப்பு செய்பவன் இல்லை. ஒன்றை நாலுதரம் எண்ணுகிறவன். எல்லோரும் சிரித்தபோது வாட்ச்மேன் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏழா?" என்று கேட்டுவிட்டு, கதவைப் பூட்டி, பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தார்.

விருந்தாளிகள் போனபின் நான் வாசலுக்குப் போய் நிற்பேன். உள்ளேயிருந்து கஸ்தூரி குரல் கொடுப்பாள்:

"என்னாங்க, எல்லாரும் போயாச்சா? செருப்பு எதாச்சும் மிச்சம் இருக்குதா பாருங்க!"

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும். நான் எண்ணி முடித்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.