கவாத்து மைதானத்தில் கர்ப்பத் தாடி

பாளையங்கோட்டை,
பிங்கள வருஷம், ஆவணி மாதம்.

நாங்குநேரி மிராசுதார், என் மாமனார் ஸ்ரீமான் ஆறுமுகநயினார் பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, மாப்பிள்ளை தில்லைநாயகம் எழுதிக்கொண்டது.

என் ஒரே முகத்தை நீங்கள் இரண்டு பேருக்கு விற்றிருக்கிறீர்கள். நமஸ்காரம். அங்கே எல்லாரும் சுகம் என்று நினைக்கிறேன். இங்கே சுகமில்லை.

முதல் விற்பனை காலேஜில். பட்டாளத்துத் துரை ஒருவர் சாகும்போது ஏழைப் பையன்கள் படிப்புக்கென்று எழுதிவைத்துப்போன உபகாரச் சம்பளம் அது. வாங்குகிறவன் வாரந்தோறும் பட்டாளக் கவாத்துப் பழகவேண்டும், முகம் வழித்து வரவேண்டும், தவறினால் சம்பளமும் போச்சு, காலேஜும் போச்சு. அந்த நிபந்தனைக்கு எனக்காகக் கையெழுத்துப் போட்டது நீங்கள். சண்டைக் காலத்தில் வீட்டு மாப்பிள்ளை கவாத்துப் பழகினால் சர்க்காரிடமிருந்து ராவ் சாகிப் பட்டம் சீக்கிரம் வரும் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு. சொந்த மகனை அனுப்பவில்லை; அவனுக்கு வெயில் ஆகாது. இரண்டாவது விற்பனை சித்திரையில். உங்கள் மகள் கோமு முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் கங்கைகொண்டானில் எங்கள் வீட்டுக்கே வண்டி கட்டி வந்து, பிள்ளை பிறக்கிறவரை புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது, பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அன்றிலிருந்து நான் படுகிற பாட்டைக் கேளுங்கள். எங்களுக்குக் கவாத்துச் சொல்லித்தருகிறவர் ஹபீப் முகம்மது என்ற பழைய ஹவில்தார். அவருக்கே நெஞ்சுவரை தாடி. என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, "ஏலே பிள்ளைவாள், மூஞ்சியில என்னலே இது? சாமியாரா போகப்போறியா?" என்றார். பெஞ்சாதி முழுகாம இருக்கா என்றேன். "அவ முழுகாம இருந்தா நீ எதுக்குலே மழிக்காம இருக்கே?" என்றார். சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் மரத்துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டார்கள். உங்களுக்கும் இருக்கே அய்யா என்று வாயை விட்டேன். "எனக்கு மார்க்கம் சொல்லுது. ஒனக்கு மாமனார்லா சொல்லுதாரு!" என்று துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். அடுத்த வாரம் மோவாயைச் சுத்தித் துணி கட்டி, பல்வலின்னு சொன்னேன். நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாரு. அங்கன கம்பவுண்டர் எந்தப் பல்லுன்னு கேட்டாரு. எதையாவது காட்டணும்லா, ஒண்ணைக் காட்டினேன். பிடுங்கிட்டாரு. நல்ல பல்லு. திரும்பி வந்தா ஹவில்தார், "பல்லுதான் போச்சே, இனி துணி எதுக்குலே, அவுரு" என்கிறாரு. பல்லு போனதுதான் மிச்சம், தாடி அப்படியே இருக்கு.

வருகிற சனிக்கிழமை காப்டன் துரை பார்வையிட வருகிறார். அன்றைக்கும் தாடியோடு நின்றால் என் பேரை அடித்துவிடுவார்கள்.

எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் நம்பிக்கை இல்லை. உங்கள் வயலை உழுத பூதத்தான் பாசராச் சண்டைக்குக் கப்பலேறினானே, அப்போது அவன் பெஞ்சாதியும் சூலிதான். பட்டாளத்தில் சேர்த்த அன்றே அவனை ஒட்ட மழித்தார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்ததற்கு நன்னடத்தைக் காகிதம் வாங்கிய நீங்கள் அப்போது வாய் திறக்கவில்லை. அவன் பிள்ளை பிள்ளை இல்லையா? ஆனால் கோமு நம்புகிறாள். ஆடிக்கு நான் ஊருக்குப் போனபோது என் தாடையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சோறு போட்டாள். முதல் பிள்ளை, பயப்படுகிறாள். அவள் அழுது ஒரு படிப்பு எனக்கு வேண்டாம். சனிக்கிழமை நான் மைதானத்துக்குப் போகப்போவதில்லை. காலேஜை விட்டுவிட்டு நாங்குநேரிக்கு வந்து உங்கள் வயலை உழுகிறேன். பூதத்தான் இடம் காலியாகத்தானே கிடக்கிறது.

மாமிக்கு என் நமஸ்காரம். மைத்துனன் வெயிலில் போகாமல் நெடுநாள் வாழட்டும். வரப்போகிற உங்கள் பட்டத்துக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தில்லைநாயகம்.

பின்குறிப்பு: மேலே எழுதிய முடிவை ரத்து செய்கிறேன். கடிதத்தை ஒட்டப்போகிற சமயத்தில் ஞானம்பாள் அத்தை நாங்குநேரியிலிருந்து வந்து இறங்கினாள். "ஏலே, சங்கதி தெரியுமா? ஒன் மாமியா பார்வதிக்கும் மாசமாம்லா! மக சூலியா இருக்கையில தாயும்னா ஊரு சிரிக்கும்னு மூடி வச்சிருக்காக" என்றாள். சந்தோஷம். மாமாவுக்கும் தாடி வளர்ந்திருக்குமே என்று கேட்டேன். "அவுகளுக்கா? சப் கலெக்டர் துரைக்கு மாலை போடணும்னு மொழுமொழுன்னு வழிச்சுக்கிட்டு, புது மாப்பிள்ளை மாதிரில்லா நின்னாக!" என்றாள்.

நாவிதருக்கு ஆள் அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை முதல் வரிசையில் நிற்பேன். ஆனால் கோமு என் பேச்சை நம்பமாட்டாள். தகப்பன் பேச்சைத்தான் நம்புவாள். ஆகையால் மறுபடி வண்டி கட்டுங்கள். கங்கைகொண்டானுக்கு அந்த மொழுமொழு முகத்தோடு போங்கள். மாமி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகிற கத்தி என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆகாது என்று அவளுக்கு நீங்களே சொல்லுங்கள். சொல்லியாயிற்று என்று சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு தந்தி அடியுங்கள்.