சந்துப் பக்கத்துச் சுவருக்கு நீலம்

குடிவந்தவர்கள் தன் வீட்டுச் சுவரில் ஒரு சொட்டுச் சுண்ணாம்புகூட வைக்கக் கூடாது என்று தாமோதரன் மேஸ்திரி முடிவு கட்டியிருந்தார். அது அவர் மனதோடு வைத்துக்கொண்ட முடிவு இல்லை. ஆண்டர்சன்பேட்டை முழுவதும் அறிந்த முடிவு. நந்திதுர்க் சுரங்கத்து ஷாஃப்ட் வாசலில், ஆளை இறக்கும் கேஜ் கூண்டு மேலே வரக் காத்து நிற்கும்போது யாராவது சும்மா இருமினால் போதும், மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். வாடகைக்கு விட்டது தரையும் கூரையும்தான், சுவர் வீட்டுக்காரனுடையது, அதில் கை வைப்பவன் நாளைக்கு வீட்டின் மேலேயே கை வைப்பான் என்பது அவர் கட்சி. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பவன் குடியிருப்பவன்தானே, அவனுக்குப் பிடித்த நிறத்தை அவன் பூசிக்கொண்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்பது எதிர்க்கட்சி. கேஜ் வந்துவிடும். எல்லோரும் தரைக்குக் கீழே போய்விடுவார்கள். மேஸ்திரி கேஜுக்குள்ளும் விடமாட்டார். ஆயிரம் அடி இறங்கும் வரை சுவரைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்.

அவர் சொல்லும் காரணம் வலுவானதுதான். தங்க வயலில் புதுப் பூச்சு என்றாலே சந்தேகம். சுரங்கத்திலிருந்து தங்கத்தைத் தட்டிக்கொண்டு வருகிறவன் அதைச் சுவரில் குடைந்து வைத்துப் பூசிவிடுவான். அதனால் எந்த வீட்டிலாவது சுவரில் திட்டாகப் புதுச் சாந்து தெரிந்தால் கம்பெனிக் காவல்காரர்கள் தடியோடு வந்து தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் சரியில்லை என்றால் இடித்தும் பார்ப்பார்கள். மேஸ்திரி இதைச் சொல்லும்போது இடிந்த வீடுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கூடும். கடைசியாகச் சொன்னபோது ஒரு தெருவே போயிருந்தது.

இதெல்லாம் வெளியில் சொல்லுகிற காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை மேஸ்திரிக்கு இப்படி ஒரு கொள்கையே கிடையாது. அப்போது ஒரு நாள் சுரங்கத்தில் அவர் மரம் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த லெவலின் பாதையில் பாறை வெடித்துச் சரிந்தது. பத்தடி தள்ளி நின்றதால் பிழைத்தார். மேலே வந்தவரை அவர் மனைவி மங்கம்மா வீட்டுக்குக்கூட விடாமல் நேராக மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். இனிமேல் பிராந்தியைத் தொடுவதில்லை. பயத்தில் இருந்த மனிதர். அவள் சாப்பாட்டை விடச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார்.

பயம் எட்டு நாளில் தெளிந்துவிட்டது. சத்தியம் தெளியவில்லை. அதனால் மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டின் முன் பாகத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். பின் பாகம் வாடகைக்கு. பின் பாகத்தை ஒட்டி ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்துப் பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு செங்கல் ஆடியது. அதைப் பிடுங்கினால் பின்னால் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் ஒரு பாட்டில் நின்றது. ஷிப்ட் முடிந்து வரும்போது சந்து வழியாக வருவார். ஒரு மடக்கு. செங்கல்லை மூடுவார். இரண்டு கிராம்பை மெல்லுவார். உத்தமராக வீட்டுக்குள் நுழைவார். சுவருக்குச் சுண்ணாம்பு பூச விட்டால் செங்கல் இறுகிவிடும். இவ்வளவுதான் கொள்கை.

இந்தக் கொள்கைக்கு இரண்டு வருஷத்தில் மூன்று குடித்தனங்கள் பலியாயின. அழுக்குச் சுவரைப் பார்க்கச் சகிக்காமல் ஒவ்வொருவராகப் போனார்கள். நாலாவதாக வந்தவர்கள் சகாயமும் இசபெல்லாவும். சகாயம் ஷாஃப்ட்டில் கேஜுக்கு மணி அடிப்பவன். இசபெல்லா கல்யாணத்துக்கு முன்பு சுரங்கத்தை மேற்பார்க்கும் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் பங்களாவில் வேலை செய்தவள். வாய் ஓயாதவள். மங்கம்மாவுக்குக் குழந்தை இல்லை. பகல் முழுக்க அந்த வீட்டில் பல்லியோடு பேசிக்கொண்டிருந்தவள். இசபெல்லா வந்த பிறகுதான் அவள் சிரிக்கிற சத்தம் சந்து வரை கேட்டது. மேஸ்திரிக்குக்கூட அது பிடித்திருந்தது, பாட்டிலை வைத்துக்கொண்டு நிற்கிற நேரம் தவிர.

டிசம்பர் பிறந்ததும் இசபெல்லா வந்து நின்றாள். கிறிஸ்துமஸ் வருகிறது. சுண்ணாம்பில் நீலம் கலந்து வீட்டுக்குப் பூசிக்கொள்ள வேண்டும். செலவு அவர்களுடையது. உழைப்பும் அவர்களுடையது. மேஸ்திரி தலையாட்டினால் போதும்.

மேஸ்திரி தலை ஆடவில்லை. காவல்காரர், தடி, இடிந்த தெரு எல்லாவற்றையும் எடுத்து விட்டார்.

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நீங்க சாணி மொழுகறீங்களே அண்ணா, அதுக்கு வரமாட்டாங்களா அவங்க?" என்றாள் இசபெல்லா.

"அது தரை. நான் சொல்றது சுவரு."

"அப்ப நாங்க கம்பெனி லைன் வீட்டுக்கே போய்டறோம் அண்ணா. தட்டி வீடுன்னாலும் அங்க எங்க இஷ்டத்துக்கு பூசிக்கலாம். பண்டிகை நாள்ல இந்த அழுக்குல ஜெபம் பண்ண எனக்கு மனசு வராது."

அன்றைக்கு மங்கம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்தால் குழம்பில் உப்பு தெரியாது மேஸ்திரிக்கு.

"இசபெல்லா போறேன்றா."

"போவட்டும். அஞ்சாவது குடித்தனம் வரும்."

"வரும். ஆறாவதும் வரும். சுவரு மட்டும் அப்படியே கீது." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மேஸ்திரிக்குச் சங்கடமாக இருந்தது. "ஒன்னு கேக்கறேன். திட்டு திட்டா பூசினாதான காவல்காரனுக்கு சந்தேகம்? வூடு முழுக்க பூசினா பண்டிகைன்னு தெரியாதா அவனுக்கு?"

மேஸ்திரி சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவினார். மறுநாள் லெவலில் மரத்துக்கு ஆப்பு வைக்கும்போதும் அந்தக் கேள்விதான். ஆப்பைத் தலைகீழாக வைத்து, கூட இருந்தவன் காட்டித் திருத்த வேண்டியதாயிற்று. இருப்பு கொள்ளவில்லை. மதியத்துக்குள் ஒரு யோசனை வந்தது. மூன்று சுவருக்குப் பூசிக்கொள்ளட்டும். சந்துப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அது மட்டும் வேண்டாம்.

மங்கம்மா உடனே ஒப்புக்கொண்டாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதையும் ஒப்புக்கொண்டது கிடையாது. மேஸ்திரி அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் அன்று இரண்டு மடக்கு.

மூன்று சுவரும் நீலமாயின. நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மங்கம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். "மூனு பக்கம் பளிச்சுனு கீது, ஒரு பக்கம் மட்டும் ஏன் வுட்டுட்டாங்கன்னு தெருவுல கேக்கறாங்க. காவல்காரன் ஒருத்தன்கூட நின்னு பாத்துட்டுப் போனான். அவனுக்கு இன்னா தோணுச்சோ."

காவல்காரன் வந்து தட்டினால் தங்கம் கிடைக்காது. பாட்டில் கிடைக்கும். தெரு முழுக்கக் கூடி நிற்கும்போது, மங்கம்மா முன்னால், சூடம் அணைத்த சத்தியம் பிராந்தி வாசனையோடு வெளியே வரும்.

பாட்டிலை முதலில் வெளியே எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். எடுக்க விட்டால்தானே? ஷிப்ட் முடிந்து சந்துக்குள் நுழைந்தால் இசபெல்லா சுண்ணாம்புப் பானையோடு உட்கார்ந்திருந்தாள். ஆட்டைத் தேடுவதாகச் சொன்னார். அவரிடம் ஆடு கிடையாது. மறுநாள் மங்கம்மா அங்கே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். அதற்கு மறுநாள் இரண்டு பேருமே இருந்தார்கள். கிராம்பு மட்டும் தினமும் செலவாயிற்று. சும்மா மென்றார்.

நாலாம் நாள் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. சுண்ணாம்பு அடிக்கும் நார்மட்டையைக் கையில் எடுத்தார். தன் வீட்டுச் சுவரைத் தானே பூசப்போவதாகவும், யாரும் சந்துப் பக்கம் வரக் கூடாது என்றும் அறிவித்தார். பெண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயோ பாவம், எவ்வளவு நல்ல மனசு என்று பார்த்ததாக மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

அதுபோல ஒரு வேலையை அவர் சுரங்கத்திலும் செய்ததில்லை. சுவர் முழுக்க நீலம். அந்த ஒரு செங்கல்லுக்கு மட்டும் முகத்தில் பூசி, நாலு ஓரத்திலும் ஈரம் படாமல் விட்டார். பாட்டிலை எடுக்கவும் வேண்டியதில்லை. இனி எந்தக் காவல்காரன் வந்தாலும் கவலையில்லை. மங்கம்மா வந்து பார்த்து, கை நல்லா வருது உங்களுக்கு என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவரை மெச்சியது அதுதான் முதல் தடவை. மேஸ்திரிக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து சந்துக்குள் வந்தார். இடுப்பு உயரத்தில் கை வைத்தார். செங்கல்லைக் காணோம். சுவர்தான் இருந்தது. தடவினார். மழமழவென்று ஒரே நீலம். மேலே தடவினார், கீழே தடவினார். எது அந்தச் செங்கல் என்றே தெரியவில்லை.

"அதுவா," என்றாள் மங்கம்மா பின்னாலிருந்து. "நீங்க பூசினதுல ஒரு செங்கல்ல சுத்தி கோடு தெரிஞ்சுது. காவல்காரன் கண்ணுல பட்டா இடிப்பான்னு நீங்கதான சொன்னீங்க. சகாயத்துக்கு இந்த வாரம் மத்தியான ஷிப்ட். காலைல சும்மாதான் இருந்தாரு. சாந்து வச்சி அடச்சி, மேல ரெண்டு கை நீலம் பூசிட்டாரு."

"நல்ல காரியம்," என்றார் மேஸ்திரி. குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

அந்தப் பதினைந்து நாளும் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. பெண்கள் சந்தில் உட்கார ஆரம்பிப்பதற்கு முதல் நாள்தான் வாங்கி வைத்த பாட்டில். கழுத்து வரை இருந்தது. இப்போது சுவருக்குள் இருக்கிறது. உளியால் கொத்தி எடுக்கலாம். எடுத்தால் மறுபடி பூச வேண்டும். பூசினால் திட்டாகத் தெரியும். திட்டாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தெருவுக்கே பாடம் நடத்தியவர் அவர். ஒரு தடவை உளியோடு நின்றபோது பக்கத்து வீட்டுக்காரன், மேஸ்திரி, புதுச் சுவரைக் கொத்தாதீங்க, தடியோட வந்துடுவாங்க என்று அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னான். தினமும் சந்துக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு வருவார். வீட்டின் மேல் மேஸ்திரிக்கு எவ்வளவு பாசம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் விடிவு பிறந்தது. கேப்டன் துரை மேஸ்திரிகளுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். சீமைச் சரக்கு. தாமோதரன் முன்கூட்டியே தயாராக இருந்தார். தன் பாகத்திலேயே, ஜன்னலுக்கு மேலே, ஒரு செங்கல்லை இளக்கி வைத்திருந்தார். மங்கம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் பாட்டில் உள்ளே போயிற்று. குடித்தனக்காரர் கை படாத சுவர். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

பண்டிகையன்று மத்தியானம் இசபெல்லா தட்டு நிறையக் கேக் கொண்டுவந்தாள். பங்களாவில் கற்றுக்கொண்ட கைப்பக்குவம். கறுப்பாக, ஈரமாக, திராட்சையும் முந்திரியுமாக இருந்தது. மேஸ்திரி ஒரு துண்டு தின்றார். இரண்டாவது துண்டு தின்றார். மூன்றாவதுக்குக் கை நீட்டும்போது உடம்பெல்லாம் இதமாகச் சூடு பரவியது. எங்கேயோ பழகிய சூடு.

"இன்னாம்மா போட்ட இதுல?"

"திராட்சைய ஊற வச்சேன் அண்ணா. பதினஞ்சு நாளு."

"எதுல?"

இசபெல்லா மங்கம்மாவைப் பார்த்தாள். மங்கம்மா கேக் துணுக்கு ஒன்றை நிதானமாக வாயில் போட்டு மென்று முடித்தாள்.

"சுவத்துல இருந்ததுலதான். அடைக்கறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. நீங்க தெனம் போய் தடவிக் குடுத்தீங்களே, அது வெறும் பொந்து."

மேஸ்திரி மூன்றாவது துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"மொத குடித்தனம் போனப்பவே தெரியும். கிராம்பு டப்பா ஏன் மாசா மாசம் காலியாவுதுன்னு பாக்க மாட்டேனா? ஒரு மடக்குதான, குடிச்சிட்டுப் போவட்டும், வூட்டுக்கு ஒழுங்கா வர்றாருன்னு வுட்டுட்டேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த பாட்டிலுக்காக இவள தொரத்த பாத்தீங்க பாருங்க. அதத்தான் வுட முடியல. எனக்கு யாரு கீறாங்க பேச?"

மேஸ்திரிக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இனிமேல் குடிவந்தவர்கள் எந்தச் சுவருக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளட்டும், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்று அங்கேயே சொன்னார். மனதாரச் சொன்னார். சொல்லி முடித்ததும், அவர் தடுத்தும் கேளாமல், அவர் கண் மெதுவாக ஜன்னலுக்கு மேலே போயிற்று.

"அங்க பாக்காதீங்க," என்றாள் மங்கம்மா. "அது அடுத்த வருஷ கேக்குக்கு."