மலையாள எழுத்தில் எழுதிய சண்டை

தனக்கு நகைச்சுவை எழுத வரும் என்று நம்புகிற ஒருத்தி வீட்டில் இருந்தால், அங்கே யாரும் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது. இருமினால்கூடக் குறிப்பெடுத்துக்கொள்வாள். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிச் சந்து ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டில், அந்த ஒருத்தி நான்தான். கல்லூரியில் படிக்கும்போதே என்னைப் பெரிய எழுத்தாளர் என்று ஒரு கூட்டம் நம்பிக்கொண்டிருந்தது. (அந்தக் கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.)

என் அறையில் இன்னொரு கட்டிலும் கிடந்தது. அது செல்வியுடையது. புளியங்குடிப் பெண். அவளுடைய அப்பா ஊரிலிருந்து எலுமிச்சை ஏற்றி அனுப்புவார். என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, அதை மட்டாஞ்சேரி மண்டியில் விற்றுக் கொடுப்பார். எர்ணாகுளத்தில் நான் படித்த கல்லூரியிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது, விடுதியில்தான் கிடைக்கவில்லை. "நம்ம வீடு இருக்கும்போ ஹாஸ்டல் எதுக்கு அண்ணாச்சி?" என்று அத்தா கேட்டார். அவள் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

எங்கள் இருவரையும் ஓர் அறையில் போட்டவனுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். அவள் விடியும் முன் எழுந்து சத்தம் போட்டுப் படிப்பாள். நான் பஸ் ஹாரன் கேட்டுத்தான் கண் விழிப்பேன். அவள் கைக்குட்டையைக்கூட மடித்து வைப்பாள். என் ஈரத்துண்டு அவள் கட்டிலில்தான் காயும். ஃபேன் ஓடினால் அவளுக்குத் தூக்கம் வராது, ஓடாவிட்டால் எனக்கு வராது. அம்மா முழுக்க முழுக்க அவள் கட்சி. "அந்தக் குட்டியைக் கண்டு படி, அவளைப் பார்த்துக் கத்துக்கோ" என்று தினமும் ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அம்மாவுக்குச் சாயா இறங்காது.

செல்வியிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எது கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்பாள். முதல் வருஷம் மஞ்சள்காமாலை வந்து கண் இரண்டும் மஞ்சளாகிக் கிடந்தபோதும் போனில் அப்பாவிடம் அதையேதான் சொன்னாள். பிறகு எப்படியோ அவருக்குத் தெரிந்து, ஓடி வந்துவிட்டார். மனிதர் சத்தம் போடவில்லை. "இனிமே இங்க உம்முகம் ஒரு தடவ வாடுனாலும் கூட்டிட்டுப் போயிருவேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவள் இன்னும் உறுதியாக நல்லாருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் இணையத்தொடர் எடுக்கும் ஒரு நிறுவனம் புதியவர்களிடம் கதை கேட்டிருந்தது. கதைச் சுருக்கமும், ஒரு காட்சியை நடித்துக் காட்டும் வீடியோவும் அனுப்ப வேண்டும். நான் வெளியே தேடவே வேண்டியதில்லை. ஒத்துவராத இரண்டு கல்லூரிப் பெண்கள், ஓர் அறை. 'ரெண்டு கட்டில்' என்று பெயர் வைத்தேன். செல்வியும் கெஞ்சவிடாமல் நடிக்க ஒப்புக்கொண்டாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பேச்செல்லாம் மலையாளம் கலந்த தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்தில் எனக்கு அப்போது பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் ஞானம். ஆகவே தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதினேன். நான் வாசிக்க வாசிக்கச் செல்வி கேட்டே மனப்பாடம் செய்தாள். அவளுடைய காட்சியை மட்டும்தான் வாசித்துக் காட்டினேன். மற்ற பக்கங்களில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

காட்சி இதுதான்: ஃபேனுக்காகச் சண்டை முற்றுகிறது. நான் வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன், அவள் அழுகிறாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடுகிறது. சண்டைக்கே காரணம் இல்லாமல் போக, இருவரும் சிரிக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் போனைச் சாய்த்துவைத்துப் படமெடுக்க ஆரம்பித்தோம். செல்வி அழ வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்தாள். போனில் இடம் தீர்ந்தது. பழையதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி எடுத்தோம். மறுபடியும் சிரித்தாள். எனக்கு எரிச்சல் ஏறியது. கடைசி முறை அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் வசனம் பேசினேன்.

"இது எங்க வீடு! எங்க சோறு! பிடிக்கலைன்னா பெட்டியைத் தூக்கிட்டு உன் ஊருக்குப் போ!"

செல்வி அழுதாள். நிஜக் கண்ணீர், பொலபொலவென்று. என்னமாய் நடிக்கிறாள் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன். அடுத்து, கரண்ட் போனதாகக் காட்ட ஃபேனை அணைக்கச் சுவிட்சை நோக்கித் திரும்பினேன். வாசலில் அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார்.

லோடோடு வந்தவர், மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடி ஏறி வந்திருக்கிறார். கையில் ஒரு சேவுப் பொட்டலம்.

"பெட்டிய எடும்மா" என்றார்.

"அப்பா, நடிப்புப்பா! நான் நல்லாருக்கேன்!" என்றாள் செல்வி. அந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். மஞ்சள்காமாலையிலும் அவர் கேட்ட வாக்கியம் அது.

நான் போனைப் போட்டுக் காட்டினேன். அவள் சிரித்ததையெல்லாம் அழித்தாயிற்று, மிஞ்சியது கடைசி முறை எடுத்தது மட்டும்தான். அதிலும் நான்தான் திட்டினேன், அவள்தான் அழுதாள். "மாமா, எல்லாம் எழுதி வச்ச வசனம்" என்று தாள்களை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். மகளிடம் கொடுத்தார். அப்பாவுக்கும் மகளுக்கும் அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

அதற்குள் அத்தா மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். பின்னாலேயே அம்மா. "எந்தா? எந்தா பற்றி? என்ன ஆச்சு?" என்று அம்மா பதற, விஷயம் தெரிந்ததும் அத்தா தாள்களை வாங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, நான் வாசிக்கறேன். செரிக்கும், நெசமாவே, நாடகம்தான்னு உங்களுக்கே தெரியும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி உரக்க வாசிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்திலிருந்து.

"கதாபாத்திரங்கள். தோழியின் அப்பா. எலுமிச்சை வியாபாரி. மகா கஞ்சன். மகளோட பிறந்தநாளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் பரிசு கொடுக்கறவர். அதையும்..."

அத்தா வாசிப்பதை நிறுத்தினார்.

"வாசிங்க பாய்" என்றார் செல்வியின் அப்பா.

"அதையும்... பிழிஞ்சு சாறு எடுத்துட்டுக் கொடுக்கறவர்."

(நல்ல வரி என்று எழுதும்போது தனியாகச் சிரித்தேன். அதை எழுதியவள் கையை உடைத்திருக்க வேண்டும்.)

"இப்பிடியெல்லாம் எழுதியே வச்சிருக்கியளா பாய்?" என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "எம்மா, நீ அழுதது நடிப்பா?"

செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாப்பா" என்றாள். அந்த ஆமாவுக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.

அம்மா அழுதுகொண்டே அரிசிப் பத்திரியும் மீன் வறுவலும் கட்டிக் கொடுத்தாள். எலுமிச்சை இறக்கிய காலி வண்டியின் முன்சீட்டில் செல்வி ஏறினாள். நான் தெருவில் கையில் போனோடு நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நடிப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வீம்பாக நின்றேன். வண்டி திரும்பும்போது அவள் கையசைத்தாள். நான் அசைத்தேனா என்று எனக்கு நினைவில்லை.

அவளுக்கு அதுவரை படித்ததெல்லாம் வீணாகிப்போனது. அடுத்த ஆண்டு திருநெல்வேலியில் சேர்ந்து முதலிலிருந்து படித்தாள். எலுமிச்சை வழக்கம்போல வந்தது. மகள்களைப் பற்றி மட்டும் இரண்டு அப்பாக்களும் பேசிக்கொள்ளவில்லை. வீடியோவை நான் அனுப்பவில்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடியது, நிறுத்தச் சொல்ல ஆளில்லை, எனக்கும் தூக்கம் வரவில்லை. அந்த விடுமுறையில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தேன். அவளுக்கு முதல் கடிதம் எழுதினேன். 'நல்லாருக்கேன்' என்று பதில் வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், "எழுதியே வச்சிருக்கியா?" என்று கேட்டுவிடுவார்கள். அன்றைக்கு அங்கே இல்லாத என் கணவர்தான் அதிகம் கேட்கிறார்.

போன வருஷம் செல்வியின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அவளுடைய அப்பா என்னை மாப்பிள்ளை வீட்டார் முன் நிறுத்தி, "இந்தப் புள்ளதான் நம்ம செல்விய வீட்டவிட்டுப் போன்னு சொன்னது. நாடகமாம்! பாய் வாசிச்சுல்லா காட்டுனாரு" என்றார். மண்டபமே சிரித்தது. அத்தாவும் சிரித்தார்.

பந்தியில் செல்வி என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு அழுதது நடிப்புத்தானே?"

"ஏளா, பாதிதான் நடிப்பு" என்றாள்.

மீதியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள்.